சுவர்த் தேனீக்கள்

பிர்மா தேவி ஆள் அனுப்பித் தோட்டக்காரர் சங்கத்துச் செக்ரட்டரியை வரவழைத்தாள். ஜியாலால் போய் நின்றபோது அவள் வீட்டின் கீழ்ச்சுவரோரம் குந்தி உட்கார்ந்து, துடைப்பத்தால் கூட்டியதையெல்லாம் முறத்தில் அள்ளிக்கொண்டிருந்தாள். முறம் நிறையத் தேனீ. பாதிக்கு மேல் செத்தவை. மீதி மல்லாந்து கிடந்து, ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றிக் காலை உதைத்துக்கொண்டிருந்தன.

“ஏழு பொந்துல அஞ்சு காலி, ஜியா,” என்றாள். “மீதி ரெண்டுலயும் காது வெச்சுக் கேட்டேன். சீக்காளி முனகுற மாதிரி இருக்கு. நீ படிச்சவன், செக்ரட்டரி வேற. என்னன்னு பார்த்துச் சொல்லு.”

அந்த மலைப் பக்கத்துப் பழைய வீடுகளின் சுவர் இரண்டு முழ அகலம். கல்லும் தேவதாருக் கட்டையும் மாறி மாறி அடுக்கிய சுவர். கட்டும்போதே தேனீக்கென்று பொந்து விட்டுக் கட்டுவார்கள். வெளிப்பக்கம் விரல் நுழையும் துளை, உள்ளே படுக்கையறைப் பக்கம் ஒரு பலகை. பலகையை எடுத்தால் தேன். மனிதர்கள் ஒரு பக்கம் குறட்டை விட, ஈக்கள் மறுபக்கம் ரீங்காரம் இட, இரண்டு குடும்பமும் ஒரே சுவரில் குளிர்காலத்தைக் கழிக்கும்.

ஜியாலால் முறத்தைப் பார்த்தான். சுவரைப் பார்த்தான். சுவருக்குக் கீழே ஓடும் வாய்க்காலை மட்டும் பார்க்கவில்லை.

“ஏதோ நோய் மாதிரி இருக்கு அண்ணி,” என்றான்.

சொன்ன மறுகணமே நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது அவனுக்கு. ஆனால் கடிக்கவில்லை. வாயிலிருந்து போன சொல் போனதுதான்.

என்ன நடந்தது என்று அவனுக்குத்தான் தெரியுமே. முந்தின நாள் விடியலில், பனிமூட்டம் விலகும் முன்னே, தன் தோட்டத்தின் கீழிரண்டு படித்தட்டுகளுக்கு அவன்தான் மருந்து அடித்தான். அடித்து முடித்து டிரம்மைக் கழுவி, கழுவிய தண்ணீரை அந்த வாய்க்காலில் கவிழ்த்தவனும் அவன்தான். வேறு எங்காவது கொட்டியிருக்கலாம். அவசரம். யாரும் பார்த்துவிடக் கூடாதே என்ற அவசரம்.

தரோட்டியில் சித்திரை பிறந்தால் ஊரே வெள்ளையாகிவிடும். ஆப்பிள் பூ. மேலிருந்து கீழ்வரை தட்டுத் தட்டாக வெட்டிய சரிவு முழுக்கப் பூ. பதினைந்து நாள். அந்தப் பதினைந்து நாளில் காய் பிடித்தால்தான் அந்த வருஷம் ஊருக்குச் சோறு. ஆப்பிள் மரத்துக்கு ஒரு குணம் உண்டு. தன் இனத்து மகரந்தப் பொடி அதற்கு ஆகாது. ராயல் காய்க்க வேண்டுமானால் பக்கத்தில் கோல்டனோ வேறு ஜாதியோ பூத்து நிற்க வேண்டும். அங்கிருந்து இங்கே பொடியை மேலெல்லாம் பூசிக்கொண்டு வர ஈ வேண்டும். ஜியாலால் தன்னிடமிருந்த கோல்டன் மரங்களைச் சந்தையில் கேட்பாரில்லை என்று ஒன்று விடாமல் வெட்டி, இண்டு இடுக்கெல்லாம் ராயல் வைத்தவன். ஆகவே வருஷா வருஷம் பூக்காலத்தில் பிர்மா தேவியின் கோல்டன் மரத்தில் கிளை ஒடித்து வந்து, தண்ணீர் ஊற்றிய பிளாஸ்டிக் பாட்டில்களில் செருகி, தன் ராயல் மரங்களில் கட்டித் தொங்கவிடுவான். கிளை அவளுடையது, ஈ அவளுடையது, காய் இவனுடையது. அவள் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. “நல்லாப் பூத்த கிளையா ஒடிச்சுக்கோடா, கஞ்சப்பயலே,” என்பாள்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் அவன் பழைய வீட்டை இடித்துவிட்டு சிமெண்டு வீடு கட்டினான். அந்தச் சுவரிலும் மூன்று பொந்து இருந்தது. ஈக்கள் இரண்டு நாள் இடிந்த கல் மேலேயே சுற்றிவிட்டு, மூன்றாம் நாள் மேட்டில் ஏறிப் பிர்மா தேவியின் சுவரில் புகுந்துகொண்டன. முறத்தில் கிடந்ததில் பாதி அவன் வீட்டு வம்சம்.

இதில் பெரிய வெட்கக்கேடு என்னவென்றால், முதல் பூ விரிந்ததிலிருந்து கடைசி இதழ் உதிரும்வரை ஊரில் யாரும் மருந்து அடிக்கக் கூடாது என்று சட்டம் போட்டதே ஜியாலால்தான். தோட்டக்காரர் சங்கத்தில் ஒரு மணி நேரம் பேசி, கையெழுத்து வாங்கி, ஊர்த் தெய்வமான தேவதாவின் கோயில் முற்றத்தில் வைத்து எல்லோரையும் ஒப்புக்கொள்ள வைத்தான். போன வருஷம் பேலுராம் தெரியாத்தனமாக நாலு மரத்துக்கு அடித்துவிட்டான். ஜியாலால் விட்டானா? அதே முற்றத்தில் பேலுராமை நிறுத்தி, காதைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, “ஈ இல்லன்னா நாம எல்லாம் பிச்சைதான் எடுக்கணும், ஞாபகம் வெச்சுக்கோ” என்று பெண்டு பிள்ளைகள் முன்னிலையில் பாடம் எடுத்தான். பேலுராமின் பெண் அன்று அழுதது இன்றைக்கும் அவன் காதில் இருக்கிறது.

அப்படிப்பட்டவன் ஏன் அடித்தான்? பயம்தான். கீழ்த்தட்டில் விரிந்த பூவுக்குள் இலைப்பேன் கண்டான். ஒரு பூவை உள்ளங்கையில் தட்டினால் ஏழெட்டு ஊர்ந்தது. போன வருஷமும் பாதி பூ கருகியது. இரண்டே தட்டு, விடிவதற்குள் முடித்துவிடலாம், வெயில் ஏறித்தானே ஈ வெளியே வரும் என்று கணக்குப் போட்டான். வெயில் ஏறினால் வெளியே வருவது பெட்டி ஈ. சமவெளியிலிருந்து லாரியில் வரும் ஈ. மலை ஈ அப்படியில்லை. குளிரோ பனியோ, வெளிச்சம் தெரிந்தால் போதும், கிளம்பிவிடும். கிளம்பியதும் முதல் வேலை வாய்க்காலில் தண்ணீர் குடிப்பது. நாற்பத்துநாலு வயசு வரைக்கும் அந்த ஈக்களோடு ஒரே சுவரில் படுத்து எழுந்தவனுக்கு இது தெரியாதா? எட்டு வருஷ சிமெண்டு வீட்டில் மறந்துபோயிருந்தான்.

‘நோய்’ என்று அவன் சொன்னது மதியத்துக்குள் ஊர் முழுக்கப் போனது. சாயங்காலத்துக்குள் நோய்க்கு ஒரு முகவரியும் கிடைத்துவிட்டது.

குர்மேஜ் சிங் சமவெளியின் ஹோஷியார்பூரிலிருந்து வரும் சர்தார். நாலு வருஷமாகப் பூக்காலத்தில் இருநூறு தேன்பெட்டிகளோடு லாரியில் வந்து பள்ளிக்கூட மைதானத்தில் இறக்குவான். ஊர்ப் பூவுக்கு மலை ஈ மட்டும் போதாது என்று வாடகைக்கு அழைத்து வந்ததே சங்கம்தான். பூ முடிந்ததும் இன்னும் மேலே இருக்கும் ஊர்களுக்குப் போவான். பள்ளிக்கூடம் ஓடைக்கு அந்தப் பக்கம். அவன் ஈக்கள் குடிப்பது பள்ளிக்கூடக் குழாய்த் தண்ணீர். ஆகவே அவன் பெட்டிகளில் பெரிய சேதம் இல்லை.

அதுதான் அவனுக்கு வினையாகப் போனது.

“யோசிச்சுப் பாருங்கய்யா,” என்றார் சங்கத் தலைவர் ஹுக்கம் சந்த். எதையும் யோசிக்காமல் பேசுவதற்கு முன்னால் அவர் இப்படித்தான் ஆரம்பிப்பார். “நம்ம ஈ சாவுது. அவன் ஈ ஜம்முனு பறக்குது. அப்ப நோய் எங்கேருந்து வந்துச்சு? சீக்கைக் கொண்டு வர்றவன் சாகமாட்டான். வாங்குறவன்தான் சாவான்.”

“சர்தார் நல்லவன்தான்,” என்றான் ஒருவன்.

“அவன் நல்லவன். பொட்டி நல்லதான்னு கேக்குறேன்.”

ஜியாலால் அந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருந்தான். சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை தொண்டையைக் கனைத்தான். இரண்டு முறையும் எதிரே உட்கார்ந்திருந்த பேலுராமின் காது கண்ணில் பட்டது. கனைப்போடு நின்றுபோனது.

வீட்டுக்குப் போனால், மனைவி கமலேஷ் அவனுடைய பழைய ஸ்வெட்டரைக் கல்லில் அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தாள். மருந்து வாடை போகவில்லை போலிருக்கிறது, இரண்டாம் முறையாகச் சோப்பு போட்டாள். அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்குச் சித்து ரொட்டி அவித்திருந்தாள். நெய்க் கிண்ணத்தைத் தட்டுப் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவளுக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரிந்தது. அதற்கப்புறம் நெய் எப்படி உள்ளே இறங்கும்?

மறுநாள் காலை தேவதாவின் முற்றத்தில் ஊர் கூடியது. வெள்ளியில் செய்த தெய்வ முகங்கள் பதித்த பல்லக்கை வெளியே கொண்டு வந்து வைத்தார்கள். குர்மேஜ் சிங் செருப்பைக் கழற்றிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, முன்னால் வந்து நின்றான். ஆறடி உயரம், நரைத்த தாடி. நாலு வருஷமாக ஊர்க் கல்யாணத்துக்கெல்லாம் தேன் கொண்டு வந்து கொடுத்தவன், அன்றைக்கு யாராவது தன் முகத்தைப் பார்ப்பார்களா என்று ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்தான்.

“சத்தியம் பண்ணச் சொன்னீங்க, பண்றேன். என் குரு மேலயும் பண்றேன், உங்க தேவதா மேலயும் பண்றேன்,” என்றான்.

சத்திய வாசகத்தை வாசிப்பது செக்ரட்டரியின் வேலை. அவன் ஒவ்வொரு வரியாகப் படிக்க, சத்தியம் செய்கிறவன் திருப்பிச் சொல்ல வேண்டும். அதுதான் முறை. ஜியாலால் எழுந்து நின்று காகிதத்தைப் பிரித்தான்.

“என் கையாலோ...”

“என் கையாலோ...”

“என் உடைமையாலோ இந்த ஊர் உயிருக்கு ஒரு கேடும் வரவில்லை.”

குர்மேஜ் சொன்னான். குரல் கணீரென்று இருந்தது.

“வந்திருந்தால்...” என்றான் ஜியாலால். அடுத்த வரி நாக்கில் ஏற மறுத்தது. முற்றம் காத்துக்கொண்டிருந்தது. “வந்திருந்தால், என் குடி விளங்காமல் போகட்டும்.”

குர்மேஜ் அதையும் திருப்பிச் சொன்னான். ஆனால் அதை முதலில் சொன்னது ஜியாலாலின் வாய். பல்லக்கின் வெள்ளி முகங்களுக்கு நேர் எதிரே நின்று, தன் குடியைத் தானே சபித்துவிட்டு, காகிதத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். முதுகெலும்பில் வியர்வை ஓடியது. பனிக்காலம் முழுசாக விலகாத சித்திரைக் காலையில் வியர்த்தவன் அந்த முற்றத்தில் அவன் ஒருவன்தான்.

சாமியாடி குறி பார்க்க அரிசியை அள்ளிக் கொடுத்தார். எண்ணிப் பார்த்ததில் குர்மேஜுக்குச் சாதகமாகத்தான் வந்தது. அதோடு முடிந்திருக்க வேண்டும். ஹுக்கம் சந்த் விடவில்லை.

“மனுஷன் மேல குத்தமில்லன்னு தேவதா சொல்லியாச்சு. சந்தோஷம். பொட்டியைப் பத்தித் தேவதா ஒண்ணும் சொல்லலையே? பொட்டி கிளம்பட்டும்.”

யாரோ சிரித்தார்கள். எதற்கென்று தெரியாமல் இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள். அன்று மாலை, ஈக்கள் திரும்பி வந்து அடைந்த பிறகு, குர்மேஜ் ஒவ்வொரு பெட்டியாக வாயை அடைத்து லாரியில் ஏற்றினான். வழக்கமாகப் பத்துப் பேர் கைகொடுப்பார்கள். அன்றைக்கு அவனும் டிரைவருமே தூக்கினார்கள்.

லாரி கிளம்பும் முன்பே ஹுக்கம் சந்த் சொன்ன இன்னொரு வேலையையும் ஜியாலால் செய்து முடித்திருந்தான். பள்ளத்தாக்கின் பன்னிரண்டு ஊர்த் தோட்டக்காரர்களும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டான். ‘எச்சரிக்கை. சமவெளித் தேன்பெட்டிகளால் தரோட்டியில் மலைத் தேனீக்களுக்கு நோய். கீழ்க்கண்ட எண்ணுள்ள லாரியை ஊருக்குள் விட வேண்டாம். இப்படிக்கு, செக்ரட்டரி.’ லாரி நம்பர் சரிதானா என்று இரண்டு முறை சரிபார்த்து வேறு அனுப்பினான். எழுத்துப்பிழை இல்லாமல் பாவம் செய்வதில் அவனுக்கு ஒரு நிம்மதி போலும்.

அடுத்த இரண்டு நாளும் நல்ல வெயில். பூ முழுசாக விரிந்துவிட்டது. இப்படி ஒரு பூ பத்து வருஷத்தில் பார்த்ததில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். ஜியாலால் ஏணியைப் போட்டு ராயல் மரத்தில் ஏறினான். கோல்டன் கிளை செருகிய பாட்டில்களை எப்போதும் போலக் கட்டினான். பிர்மா தேவி இந்த வருஷமும் கிளை கொடுத்தாள். “நல்லதா ஒடிச்சுக்கோ,” என்று மட்டும் சொன்னாள், கஞ்சப்பயலே என்று சொல்லவில்லை.

ஏணி மேல் உட்கார்ந்தபடி காத்திருந்தான். பூ இருந்தது. பொடி இருந்தது. பக்கத்திலேயே பாட்டிலில் வேற்று ஜாதிப் பூவும் இருந்தது. கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு ஈ இல்லை. அரை மணி நேரத்தில் ஒரு வண்டும் இரண்டு சாதாரண ஈயும் வந்தன. வழக்கமாக அந்த நேரத்தில் மரத்துக்கடியில் நின்றால் மோட்டார் ஓடுவது போல் சத்தம் கேட்கும். இப்போது மேல்தட்டில் யாரோ இருமியது கேட்டது, கீழே பஸ் ஹாரன் கேட்டது. ஊர் முழுக்க இப்படித்தான். அவன் கொன்ற ஈ போதாதென்று, அவன் பொய் உயிரோடு இருந்த ஈயையும் விரட்டிவிட்டது. இலைப்பேன் மட்டும் மேல்தட்டுப் பூக்களில் நிம்மதியாக ஊர்ந்துகொண்டிருந்தது.

அவன் ஏணியிலிருந்து இறங்கினான். வீட்டுக்குப் போகாமல், கையில் பிசின் ஒட்டியதோடு, கீழே போகும் பஸ்ஸில் ஏறிவிட்டான்.

குர்மேஜைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. சட்லெஜ் கரையோரம், சாலை வேலைக்காரர்கள் ஜல்லி கொட்டும் பொட்டலில் லாரி நின்றது. இருநூறு பெட்டியும் வெயிலில் இறக்கிவைக்கப்பட்டிருந்தன. சுற்றிலும் கள்ளியும் முட்புதரும். பூவென்று சொல்ல ஒன்றுமில்லை. ஈக்கள் பெட்டி வாயிலிலேயே கூட்டம் கூட்டமாகத் தொங்கின. குர்மேஜ் ஒரு அண்டாவில் சர்க்கரைப்பாகு கலக்கிக்கொண்டிருந்தான்.

“வாங்க செக்ரட்டரி சாப்,” என்றான், கலக்குவதை நிறுத்தாமல். “உங்க மெசேஜ் எங்களுக்கு முன்னாடியே போய்ச் சேர்ந்துடுச்சு. ரெண்டு ஊர்ல போனை மூஞ்சிக்கு நேரா நீட்டிக் காட்டினாங்க. மூணாவது ஊர்ல கல்லை எடுத்தாங்க.”

“நோய் இல்ல, குர்மேஜ்,” என்றான் ஜியாலால். நின்றபடியே சொன்னான். உட்காரத் துணிவு வரவில்லை. “மருந்து. நான்தான் அடிச்சேன். டிரம்மைக் கழுவி வாய்க்கால்ல ஊத்தினேன்.”

குர்மேஜ் கரண்டியை அண்டாவின் விளிம்பில் தட்டினான்.

“தெரியும்.”

“தெரியுமா?”

“அந்த அம்மா முறத்துல பார்த்தேனே. எல்லாம் நாக்கை நீட்டிக்கிட்டு செத்திருந்துச்சு. நோய்ல சாவுற ஈ நாக்கை நீட்டாது. மருந்து குடிச்சுச் சாவுறதுதான் நீட்டும். முப்பது வருஷமா ஈ வளர்க்கிறேன், இதுகூடத் தெரியாதா?”

“நான்தான்னு?”

“அது முற்றத்துல தெரிஞ்சது. சத்தியம் பண்ணுறவன் நான், வார்த்தை தடுக்குனது உனக்கு.” முதல் முறையாக அவன் ஒருமையில் பேசினான்.

ஜியாலாலுக்குக் காது மடல் சுட்டது. “அப்பவே சொல்லியிருக்கலாமே.”

“சொல்லி? உன் ஊரு உன்னை விட்டுட்டு என்னை நம்புமா? லாரியும் கொளுத்தியிருப்பாங்க.” பாகை ஒரு தட்டில் ஊற்றி, ஈக்கள் மூழ்கிவிடாமல் இருக்க மேலே வைக்கோலைத் தூவினான். பிறகு நிமிர்ந்து பார்த்தான். “சரி. மேல இதைச் சொல்லிட்டியா?”

“இல்ல. முதல்ல உன்கிட்ட சொல்லி மன்னிப்பு...”

“என்கிட்ட எதுக்கு?” என்றான் குர்மேஜ். குரல் உயரவில்லை. “நான் செய்யலைன்னு எனக்குத் தெரியும் சாப். தெரியாதவங்க மேல இருக்காங்க. இறக்கத்துல வந்து சொல்றது சுலபம், அதானே வந்துட்டே?”

திட்டியிருந்தால் தேவலை. அடித்திருந்தால் இன்னும் தேவலை. ஜியாலால் சாலைக்கு ஏறி, மேலே போகும் பஸ்ஸுக்கு நின்றான். ஜன்னலோரம் உட்கார்ந்து வந்த ஒன்றரை மணி நேரமும், பாதுகாப்பான இடம் பார்த்து வெட்கப்பட வந்த தன் புத்தியை நினைத்து நினைத்துக் கூசினான். ஒவ்வொரு வளைவிலும் பூத்த தோட்டங்கள் வந்து வந்து போயின.

தரோட்டியில் பஸ் நிற்கும் இடத்திலேயே டீக்கடை. மளிகையும் அதுதான். ஹுக்கம் சந்த், பேலுராம், இன்னும் இரண்டு பேர் பெஞ்சில் உட்கார்ந்து, பூவில் ஈ இல்லாததைப் பற்றியும், அதற்கு அரசாங்கம் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள். பிர்மா தேவி உப்பு வாங்க வந்து கல்லாவோரம் நின்றிருந்தாள்.

ஜியாலால் பஸ்ஸிலிருந்து இறங்கிய காலோடு பெஞ்சுக்கு எதிரே வந்து நின்றான். தள்ளிப்போட்டால் மறுபடி தொண்டைதான் கனைக்கும் என்று தெரியும்.

“ஈயைக் கொன்னது நான்,” என்றான். “பூவுல மருந்து அடிச்சேன். விஷத் தண்ணிய அண்ணி வீட்டு வாய்க்கால்ல கொட்டினேன். சர்தார்மேல ஒரு தப்பும் இல்ல. தெரிஞ்சேதான் சத்தியம் பண்ண வெச்சேன்.”

இடி விழும் என்று எதிர்பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டான். கடைக்காரர் ஸ்டவ்வைக் குறைத்தார். ஹுக்கம் சந்த் கண்ணாடி டம்ளரைக் கீழே வைத்தார்.

“எங்களுக்குத் தெரியாதாக்கும்?” என்றார். “விடியக்காலையில அந்த மூட்டத்துல பம்பு சத்தம் ஓடைக்கு அந்தப் பக்கம் வரை கேட்டுச்சு. உன் பம்பு இருமுற இருமல் ஊருக்கே தெரியுமே.”

“தெரிஞ்சுமா...?”

“என்ன பண்ணச் சொல்றே? நீ நம்ம ஆளு. பூவைக் காப்பாத்தத்தானே அடிச்சே. யாருக்கும் கை தவறும். விடு, விடு. மனசுல வெச்சுக்காதே. டேய், இவனுக்கு ஒரு டீ போடு. இஞ்சி தட்டிப் போடு.”

இன்னொருத்தன் நகர்ந்து பெஞ்சில் இடம் விட்டான். டீ வந்தது. இவ்வளவுதானா? இருநூறு பெட்டியோடு ஒருத்தனைப் பொட்டலுக்குத் துரத்திய ஊர், தன்னை ஒரு டீ ஆறும் நேரத்துக்குள் மன்னித்துவிட்டது. பேலுராமைக் காது பிடிக்க வைத்த அதே ஊர். பேலுராம் மட்டும் தன் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தான். ஜியாலாலுக்கு அந்த மன்னிப்பைத் தொடவே அருவருப்பாக இருந்தது.

“அப்ப குர்மேஜைத் திரும்பக் கூப்பிடலாமா?” என்று கேட்டான். “ஆத்தோரம்தான் இருக்கான். இன்னைக்கே ஏத்தினா நாளைக் காலையில ஈ பூவுல இருக்கும்.”

“அது வேற விஷயம்,” என்றார் ஹுக்கம் சந்த். “கூப்பிட்டா என்ன சொல்லிக் கூப்பிடுறது? ஊரே போய் அவன் கால்ல விழணுமா? போனவன் போனான். வெளியாளு, அவனுக்கு இன்னொரு ஊரு கிடைக்கும்.”

“கிடைக்கல. பன்னெண்டு ஊருலயும் நான் போட்ட மெசேஜ் இருக்கு.”

ஜியாலால் டீயைத் தொடாமல் போனை எடுத்தான். ஹுக்கம் சந்த் சட்டென்று எழுந்தார். “ஏய், ஏய். குரூப்ல எல்லாம் போடாதே. இங்க சொன்னே, சரி. வெளியில போனா தரோட்டி பேரு நாறிடும். சங்கத்துப் பேருல போட நான் விடமாட்டேன்.”

“சங்கத்துப் பேருல போடல. என் பேருல போடுறேன்.”

நின்றபடியே தட்டினான். தட்டி முடித்ததும் எல்லோருக்கும் கேட்கும்படி படித்தான். “தரோட்டித் தேனீக்கள் நோயால் சாகவில்லை. தடையை மீறி நான் அடித்த மருந்தாலும், டிரம் கழுவி வாய்க்காலில் ஊற்றிய தண்ணீராலும் செத்தன. குர்மேஜ் சிங்கின் பெட்டிகள் மேல் எந்தக் குற்றமும் இல்லை. முன்பு வந்த எச்சரிக்கை பொய். அதை எழுதியவனும் நான்தான். ஜியாலால், தரோட்டி.”

“அனுப்பாதே, நில்லு,” என்றாள் பிர்மா தேவி.

அவள் உப்புப் பொட்டலத்தைக் கல்லாவில் வைத்துவிட்டு அருகில் வந்தாள். அவள் கண்ணைப் பார்க்க முடியாமல் ஜியாலால் அவள் கையைப் பார்த்தான்.

“பம்பு சத்தம் எனக்கும் கேட்டுச்சு,” என்றாள். “என் ஜன்னலுக்குக் கீழதானே ஓடுச்சு. உன்னை ஆள் அனுப்பி ஏன் கூப்பிட்டேன்? நீயா சொல்லுவேன்னுதான். நோய்ன்னு சொன்னே. சரி, நம்ம பையன், நாளைக்குச் சொல்லுவான்னு இருந்தேன். அந்த மனுஷன் கையைக் கழுவிக்கிட்டு சத்தியம் பண்ணினப்போ நான் முன்வரிசையில உக்காந்திருந்தேன். என் ஈதான் செத்துச்சு. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவன் போயிருக்க வேண்டாம். சொல்லல. அவன் யாரோ, நீ நம்மவன். அதையும் எழுது.”

“உங்களுக்கு என்ன அண்ணி... நஷ்டப்பட்டதே நீங்க...”

“எழுதுன்னா எழுதுடா. என் பேரைப் போட்டு எழுது.”

எழுதினான். ‘பிர்மா தேவிக்கும் தெரியும்; தெரிந்தும் அவர் சொல்லவில்லை’ என்று தட்டும்போது விரல் இரண்டு முறை தப்பான எழுத்தில் விழுந்தது. திருத்தினான். அவள் போனை வாங்கி, தூரத்தில் பிடித்து, ஒவ்வொரு வரியாகப் படித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். அவன் அனுப்பினான்.

பெஞ்சில் இருந்த நாலு பேரின் சட்டைப்பையிலும் போன் ஒன்றன்பின் ஒன்றாக ஒலித்தது. யாரும் எடுத்துப் பார்க்கவில்லை.